டிசம்பரில் வந்து முதல் ரேஸிலேயே ஜெயிக்கிறார்கள், அக்டோபரிலிருந்து சேற்றில் கிடப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

அவலஹள்ளி_ஆறுமணி எழுதியது:

நான்கு வருடமாக இது உறுத்துகிறது, கேட்டுவிடுகிறேன். குளிர்காலம் வந்துவிட்டால் ஞாயிறு மாலை நான் எங்கும் போவதில்லை. சைக்கிளோகிராஸ் (சேறு, மணல், தடைப்பலகை எல்லாம் இருக்கும் சுற்றுப்பாதையில் நடக்கும் குளிர்கால சைக்கிள் ரேஸ்) பார்க்கவேண்டுமே! பெல்ஜியத்தில் ஆண்கள் ரேஸ் மதியம் மூன்றுக்கு என்றால் நமக்கு ஏழரை, அதற்கு முன்னால் ஆறு மணி வாக்கில் பெண்கள் ரேஸ், ஆக வீட்டில் யார் சீரியல் பார்த்தாலும் வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை.

சைக்கிளோகிராஸை மட்டுமே நம்பிப் பிழைப்பவர்கள் அக்டோபரிலிருந்து வாராவாரம் சேற்றிலும் மணலிலும் புரள்கிறார்கள். அப்புறம் டிசம்பர் நடுவில், சாலை ரேஸும் ஓட்டும் டச்சுக்காரர் மத்யூ வான் டெர் போல் ஸ்பெயின் வெயிலில் கறுத்துப்போய் வந்து இறங்குகிறார், இரண்டாவது லேப்பிலேயே ஆளைக் காணோம். 2023-24 சீசனில் 14 ரேஸில் 13 வெற்றி, தாபோரில் நடந்த உலகப் போட்டியும் அதில் சேர்த்தி. அதோடு விட்டாரா, இரண்டு மாதம் கழித்து அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஃபிளாண்டர்ஸ், ரூபே என்ற இரண்டு பெரிய சாலை ரேஸ்களிலும் வெற்றி. ரேஸ் ஓட்ட ஓட்டத்தான் ஃபார்ம் வரும் என்று சொல்வார்களே, அது பொய்யா?

சொந்தக் கதையும் இருக்கிறது. போன செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஒரு வாரம்கூட விடாமல் குழு ரைடு, சின்னச் சின்ன ஆஃப்ரோடு போட்டி என்று ஓட்டினேன். நவம்பர் கடைசியில் பெங்களூர் பக்கத்து நந்தி மலையை ஏறிப் பார்த்தால் ஆகஸ்டில் எடுத்ததைவிட ஒன்றரை நிமிடம் அதிகம். இத்தனைக்கும் குளிர்ந்த காலை, எதிர்க்காற்று இல்லை, வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. எங்கே கோட்டை விட்டேன்?

---

கேஆர்புரம்_செயின் எழுதியது:

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது நண்பா. ஒரு வாரம்கூட விடாமல் ஓட்டினேன் என்கிறீர்களே, அதுதான் விஷயம்.

ஒரு முழுநேர சைக்கிளோகிராஸ் ஆளின் வாரத்தைக் கணக்குப் போடுங்கள். ஞாயிறு ரேஸ், பல வாரம் சனியும் ரேஸ். திங்கள், செவ்வாய் கால் மரத்துக் கிடக்கும். புதனன்று கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் மணல் பயிற்சி, வியாழன் ஒரு இன்டர்வல் (விட்டுவிட்டு முழு வேகத்தில் ஓட்டுவது), வெள்ளி மறுபடி லேசாக, ஏனென்றால் நாளைக்கு ரேஸ். ஐந்து மணி நேரம் நிதானமாக உட்கார்ந்து ஓட்டும் நாள் இதில் எங்கே வரும்? வராது. கோடையில் சேர்த்து வைத்த அடித்தளத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறார்கள், விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவது போல. அக்டோபரில் வயிறு நிறையும், ஜனவரியில் குதிர் காலி.

வான் டெர் போல் அதே இரண்டு மாதம் ஸ்பெயின் கடலோரத்தில் விதைக்கிறார். வந்த பிறகும் இருபது, முப்பது ரேஸ் இல்லை, பத்துப் பதினாலுதான். கிறிஸ்துமஸ் வாரத்தில் நாலைந்து ரேஸை நெருக்கி ஓட்டுவது அவருக்கு ஒரு கடுமையான பயிற்சி முகாம். எதிரில் நிற்பவருக்கோ அது மூன்று மாதக் களைப்பின் மேல் இன்னொரு மூட்டை.

இது அவர் காலத்தில் வந்த கதையும் இல்லை. பெல்ஜியத்தின் ஸ்வென் நைஸை எடுத்துக்கொள்ளுங்கள், சூப்பர்பிரஸ்டீஜ் தொடரை 13 தடவை வென்றவர், குளிர்காலம் முழுக்க ராஜா. உலகப் பட்டம் எத்தனை? இரண்டு. 2005, அப்புறம் 2013. சீசன் முழுக்க நன்றாக ஓட்டுவது ஒரு தொழில், குறிப்பிட்ட ஒரே ஞாயிறன்று உச்சத்தில் இருப்பது வேறு தொழில் என்பது என் கட்சி.

சரி, பிழைப்பென்று ஒன்று இருக்கிறதல்லவா. பெரிய பெயர்களுக்குக் களத்தில் இறங்கவே அமைப்பாளர்கள் பணம் தருவார்கள். மற்றவர்கள் தரவரிசைப் புள்ளிக்காக வாராவாரம் வந்துதான் ஆகவேண்டும், புள்ளி குறைந்தால் ஸ்டார்ட்டில் பின்வரிசை.

---

முப்பத்துமூணு_மில்லி எழுதியது:

அண்ணா, விதைநெல் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் ஆறு மணி ரேஸைப் பார்ப்பதே இல்லை போலிருக்கிறது. டச்சு வீராங்கனை லூசிண்டா பிராண்ட் 2020-21 சீசனில் உலகக் கோப்பை, சூப்பர்பிரஸ்டீஜ், எக்ஸ்டுஓ என்று மூன்று தொடரையும் வென்றுவிட்டு, ஒஸ்டெண்ட் கடற்கரையில் உலகப் பட்டத்தையும் எடுத்தார். அவர் குதிர் மட்டும் ஏன் காலியாகவில்லை?

பின்வரிசை பற்றிச் சொன்னீர்கள், அதே புள்ளிக் கணக்கு உங்கள் ஹீரோவுக்கும்தான் இடிக்கிறது. தாமதமாக வருவதால் சீசன் தொடக்கத்தில் அவர் மூன்றாவது, நான்காவது வரிசையில் நிற்கிறார். எட்டெட்டுப் பேராக நிற்கும் இடத்தில் முன்னால் இருபது சொச்சம் பேர், முதல் வளைவில் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதைத் தாண்டி ஒரே லேப்பில் முன்னுக்கு வருவதற்குக் கால் மட்டும் போதாது.

நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது பெல்ஜியத்தின் ஸோன்ஹோவன் ரேஸில் வரும் மணல் பள்ளம். மேலிருந்து சரிவாக இறங்குகிறார்கள். பெரும்பாலானவர்கள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறார்கள், முன்சக்கரம் உழுத தடத்தில் புதைகிறது, இறங்கி சைக்கிளைத் தோளில் போட்டு ஓடுகிறார்கள். வான் டெர் போல் இடுப்பைப் பின்னால் தள்ளிவிட்டு, முன்சக்கரம் ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிடுகிறார். அது தானே தடத்தைத் தேடிக்கொள்கிறது, பெடல் மட்டும் நிற்கவே இல்லை. அடுத்தவர் ஓடிய பத்து வினாடியில் இவருக்கு மூச்சு வாங்கக்கூட இல்லை. நாம் வீட்டில் உட்கார்ந்து "என்ன ஃபார்ம்டா" என்கிறோம்.

டயர் அகலம் அதிகபட்சம் 33 மில்லி என்பது எல்லாருக்கும் ஒரே விதி. சேற்றில் 1.3, 1.4 பார் (சுமார் 20 பிஎஸ்ஐ) அளவுக்குக் காற்றைக் குறைத்து ஓட்டுவார்கள். கேள்வி கேட்டவர் அவலஹள்ளி மண்பாதையில் எவ்வளவு வைத்து ஓட்டினார் என்று சொல்லட்டும், பாதிப் பதில் அதில் இருக்கும்.

---

ஃபில்டர்காபி_ஃபிக்ஸி எழுதியது:

இதற்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா குரு? வான் டெர் போலின் தாத்தா பிரெஞ்சு சைக்கிள் ஜாம்பவான் ரேமோன் புலிடோர், அப்பா ஆட்ரி வான் டெர் போல் 1996 உலக சாம்பியன். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா, முடிந்தது கதை.

---

கேஆர்புரம்_செயின் எழுதியது:

ரத்தம் மட்டும் போதும் என்றால் அப்பா ஏன் 36 வயது வரை காத்திருந்தார்? ஆட்ரி அந்தப் பட்டத்துக்கு வருடக்கணக்காக முட்டி மோதியவர், கிடைத்தது ஒன்றே ஒன்று. மகன் 2025-ல் லியேவானில் ஏழாவது உலகப் பட்டத்தை எடுத்து, ஏழு பட்டம் வென்ற பெல்ஜியர் எரிக் டி விளேமிங்கைத் தொட்டார். ஒரே வீடுதான்.

லூசிண்டா பிராண்ட் விஷயத்தில் தோற்றேன் தங்கச்சி, ஒப்புக்கொள்கிறேன். சிலர் ரேஸிலேயே வளர்கிறவர்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதியது என் தப்பு.

ஆனால் ஸ்பெயினின் பெனிடோர்மில் நடந்த ரேஸை மறக்கவேண்டாம். நான் சொன்ன 13-ஐத் தவிர்த்த அந்த ஒரு தோல்வி அங்கேதான், 2024 ஜனவரி. பெல்ஜியத்தின் வௌட் வான் ஆர்ட் ஜெயித்தார், வான் டெர் போல் ஐந்தாவது. காய்ந்த தரை, வேகமான பாதை, ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வரலாம். சேறு இருந்தால் லேப்புக்குப் பத்து வினாடி தானாக விழும், அங்கே விழவில்லை. ஃபார்ம் இரண்டு வாரம் கழித்து தாபோரில் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததா? தரைதான் மாறியது.

---

அவலஹள்ளி_ஆறுமணி எழுதியது:

13 நான் சொன்னது அண்ணா, நீங்கள் இல்லை. போகட்டும்.

காற்று விஷயம்: கேட்டால் சிரிப்பீர்கள். 40 பிஎஸ்ஐ. பஞ்சர் பயம். நவம்பர் மழைக்குப் பிறகு அந்தச் செம்மண் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும், பத்தே நிமிடத்தில் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இட்லி மாவு மாதிரி அப்பி, பின்சக்கரம் சுற்றவே இல்லை, குச்சியால் நோண்டிக்கொண்டு நின்றேன். பெல்ஜியத்தில் என்றால் அரை லேப்புக்கு ஒரு தரம் பிட்டில் (சைக்கிள் மாற்றும் இடம்) புது சைக்கிள், பழையதை மெக்கானிக் பிரஷர் வாஷரில் அடித்துக் கழுவித் தயாராக வைத்திருப்பார். நான் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு குழாயைத் திறந்ததற்கே, டேங்கர் தண்ணீர் விற்கும் விலை தெரியுமா என்று செயலாளர் வாட்ஸ்ஆப் குழுவில் என் சைக்கிள் போட்டோவையே போட்டுவிட்டார். மண் காய்ந்து செங்கல்லாகிப்போய், மறுநாள் ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்தேன்.

---

முப்பத்துமூணு_மில்லி எழுதியது:

40-ஆ! அந்த டயர் தரையைத் தொட்டதே ஆச்சரியம். ட்யூப்லெஸ் போட்டு, உங்கள் எடைக்கு 25-இல் ஆரம்பித்து, ரிம் கல்லில் இடிக்கும் வரை இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள்.

நந்தி நேரத்துக்குக் காற்றைக் குற்றம் சொல்ல முடியாது, அது தார் ரோடு. அங்கே அண்ணா சொன்னதுதான் சரி: இரண்டு வாரம் போட்டி பக்கமே போகாதீர்கள். முதல் வாரம் நன்றாகத் தூங்குங்கள், இரண்டாவது வாரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டும் வேகத்தில் நீள ரைடு. யார் முந்தினாலும் துரத்தக்கூடாது. சின்ன டூரிங் பையோடு ஒரு தாத்தா முந்திப்போவார், அவரையும்.

எங்கள் பக்கம் காலி சைட் ஒன்றில் ஞாயிறு காலை மூன்று பேர் பலகை தாண்டப் பழகுகிறோம். ரேஸில் வைக்கும் அதே 40 சென்டிமீட்டர் உயரம், சாரப்பலகையை அறுத்து நிறுத்தியிருக்கிறோம். என் முழங்காலுக்குக் கீழே அதன் முத்திரை இன்னும் இருக்கிறது. வருவதென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், இடம் சொல்கிறேன்.

---

அவலஹள்ளி_ஆறுமணி எழுதியது:

தாத்தா உண்மையிலேயே முந்தினார், தேவனஹள்ளி தாண்டி. எப்படித் தெரிந்தது?

அனுப்பிவிட்டேன். ஞாயிறு காலை மட்டும்தானே? ஏழரைக்கு முன்னால் வீடு வந்துவிடவேண்டும், மாலை ஏழரையைச் சொல்கிறேன்.