“சின்ன மாற்றம்தானே தம்பி” - தொடர்மாடி வேலை அனுபவங்கள்

கண்டியில் ஒரு தொடர்மாடி வேலையில் சைட் சுப்பர்வைசராக இருந்தேன். வீடு வாங்கியவர்கள் கேட்கும் மாற்றங்களைக் குறித்துக்கொள்வதும் என் தலையில் விழுந்தது. டைல்ஸ் நிறம், கதவு, பென்ட்ரி கபர்ட் எல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. தண்ணீர் ஓடுகிற விசயம் என்றால்தான் தலைவலி.

நான்காம் மாடி அம்மா ஒருவர் குசினி சிங்க்கை ஜன்னல் பக்கம் வைக்கச் சொன்னார். கழிவுக்குழாய் இறங்கும் டக்ட் 12 அடி தள்ளி இருக்கிறது. 40 அடிக்கு 1 அடி சரிவு என்று பார்த்தாலும் குழாய் 3½ அங்குலத்துக்கு மேல் இறங்க வேண்டும். ஸ்லாப் போட்டாயிற்று, எங்கே இறக்குவது? முடியாது என்றேன். அவர் நேரே கொத்துவேலை செய்யும் மேசன் பாஸின் கையில் காசை வைத்துவிட்டார். பாஸும் குழாயைத் தட்டையாகப் படுக்கவைத்து மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். குடிவந்த மூன்றாம் மாதம் குழாயில் எண்ணெய் இறுகி, மூட்டு கசிந்து, கீழ்வீட்டு சீலிங்கில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வட்டம்.

அப்புறம்தான் மாற்றம் கேட்க மாடிக்கு மாடி கடைசி நாள் வைத்தோம். ஸ்லாப்புக்குக் கம்பி கட்ட இரண்டு கிழமைக்கு முன்பே பிளக் பொயின்ட், ஹீட்டர் லைன் எல்லாம் சொல்லியாக வேண்டும். வயர் போகும் குழாய் கொங்கிரீட்டுக்குள் போய்விடுமே. கூடுதல் செலவை எழுதிக் கையெழுத்து வாங்குவோம். புதிய வரைபடத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த வீட்டு வாசலிலேயே தொங்கவிடுவேன், இல்லாவிட்டால் பனி ஈரத்தில் பப்படமாகிவிடும். பழைய பிரதியை பாஸிடமிருந்து பிடுங்காமல் நகரமாட்டேன்.

*

அண்ணே, நாங்கள் வாங்கிய பக்கம் நின்று சொல்கிறேன். ஸ்டோர் ரூமைச் சாமியறை ஆக்கக் கேட்டோம். சுவர்கூட மாறவில்லை, உடனே சரி என்றார்கள். மேல்வீட்டுக்காரர் அவர்களுடைய ஸ்டோர் ரூமை டொய்லட் ஆக்கக் கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே டக்ட், அதற்கும் சரி. இரண்டு பைலும் ஒரே மேசையில்தான் கிடந்திருக்கின்றன! பால் காய்ச்சிய அன்று மேலே பிளஷ் சத்தம் கேட்டுத்தான் எங்களுக்கே தெரியும். அம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

*

அடக் கடவுளே. இந்த வேலையில் மேல்வீடு, கீழ்வீடு இரண்டு வரைபடத்தையும் சேர்த்து விரித்துப் பார்க்கிறேன், ஆனால் சாமியறை என் கணக்கில் வரவே இல்லை. இனிமேல் கேட்கிறேன். இப்போது சாமி எங்கே?

*

ஹோலில், டீவிக்குப் பக்கத்துக் கபர்டில். மாலையில் டீவியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறப்போம்.