சயான் வீட்டுக் குழு: அப்பாவின் ஸ்பீக்கரை விற்கலாமா?

அண்ணன்: எல்லாரும் பார்க்கவும். ஸ்பீக்கர் ஜோடி, ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்ட் பிளேயர் மூன்றையும் விற்கச் சொல்லிவிட்டார் அப்பா. முலுண்டில் ஒருவர் 22,000 தருகிறேன் என்கிறார். ஞாயிறு 11 மணிக்குப் பார்க்க வருகிறார்.

அத்தை: என்னப்பா திடீரென்று? அந்தப் பெட்டியை யாரையும் தொடவே விட மாட்டாரே என் அண்ணன். துடைப்பதற்கே தனி மஞ்சள் துணி வைத்திருப்பார்.

அண்ணன்: திடீரென்று இல்லை அத்தை. பாந்த்ரா ரெக்லமேஷனில் அலி யாவர் ஜங் நிறுவனத்தில் காது சோதனை செய்ததிலிருந்தே இந்தப் பேச்சுதான்.

சித்தப்பா: சோதனையில் என்ன வந்தது? எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான்: அன்றே படம் போட்டேன் சித்தப்பா. நீங்கள் அனுப்பும் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் போயிருக்கும். தவில் மாதிரி தாழ்ந்த சுருதிச் சத்தமெல்லாம் ஓரளவு கேட்கிறது. 250, 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல் சத்தம் இருந்தாலே போதும். 4000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்தம் 70 டெசிபல் இருந்தால்தான் கேட்கிறது. இரண்டு காதும் அப்படியே. வயது பாதி, வேலை பார்த்த இடத்து இரைச்சல் பாதி என்றார்கள்.

சித்தப்பா: ரிவெட் அடிக்கிற ஷெட்டாயிற்றே. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் கை ஜாடையில்தான் பேசிக்கொள்வோம். காதில் பஞ்சு வைத்தவனைப் பார்த்துச் சிரிப்போம்.

மதினி: ட்வீட்டர் கதையைச் சொல்லுங்கள்.

நான்: நாதஸ்வர வித்வான் காருக்குறிச்சி அருணாசலம் இசைத்தட்டில் தாளம் (ஜால்ரா) கேட்கவில்லை, கீச்சுச் சத்தத்துக்கென்று பெட்டியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் போய்விட்டது என்று லாமிங்டன் ரோட்டுக்குத் தூக்கிப்போய் அப்பா இரண்டு முறை மாற்றினார். மூன்றாவது முறை கடைக்காரர் பணமே வாங்கவில்லை. பெட்டி சரியாகத்தான் இருக்கிறது என்று மட்டும் மெதுவாக என்னிடம் சொன்னார். வீடு வரும்வரை லோக்கலில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி: ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளை, அதாவது கீச்சுச் சத்தத்தை மட்டும், கூட்டி வைத்தால் போதாதா?

அண்ணன்: குமிழை முழுதாகத் திருப்பினாலும் 10 டெசிபல்தான் கூடும். அதை வைத்து என்ன செய்ய?

மதினி: சத்தத்தைக் கூட்டினால் மாமாவாலேயே தாங்க முடியவில்லை. மெல்லியது கேட்கவே கேட்காது, கொஞ்சம் ஏற்றியதும் குத்துகிறது என்கிறார். நான் பாத்திரம் வைத்தால்கூட முகம் சுளிப்பார். "இது மட்டும் எப்படிக் கேட்கிறது?" என்று நானே ஒரு நாள் வாய் விட்டுவிட்டேன். அப்புறம்தான் ஆடியாலஜிஸ்ட் சொன்னார். உள்காதில் முடி மாதிரி செல்கள் இருக்கின்றனவாம், செத்தால் மறுபடி முளைக்காதாம். அவை போய்விட்டால், கேட்கத் தொடங்கும் சத்தத்துக்கும் தாங்க முடியாத சத்தத்துக்கும் நடுவில் இடமே இல்லாமல் போய்விடுமாம். அன்று அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

அத்தை: காது மெஷின் வாங்கியாயிற்றே, அதைப் போட்டுக்கொண்டு கேட்கலாமே?

நான்: கேட்டார் அத்தை. நாதஸ்வரம் ஒரே ஸ்வரத்தில் நீண்டு நின்றால் தண்ணீருக்குள் இருந்து வாசிப்பதுபோல் அலைகிறதாம். மெஷின் பேச்சுக்காகச் செய்தது. நீண்டு நிற்கிற சுருதியைத் தான் போடும் கீச் சத்தம் என்று எண்ணி அமுக்கப் பார்க்கிறது. இசைக்கென்று தனி புரோகிராம் போட்டு அந்த அமுக்கலை நிறுத்தலாம். செவ்வாய்க்கிழமை அதற்குத்தான் போகிறோம்.

அண்ணன்: செவ்வாய் வரை பொறுங்கள் என்று நானும் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

மதினி: பார்த்து எழுதுங்கள். மாமாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

தம்பி: 22,000 ரொம்பக் குறைவு. ஸ்பீக்கரைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் இந்த ஊர் ஈரத்தில் பொடிந்து போனதை மாற்றியே ஒரு வருடம்தான் ஆகிறது.

சித்தப்பா: விலை கிடக்கட்டும். பெட்டி போய்விட்டால் அந்த நாற்காலியில் அண்ணன் உட்கார மாட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் வருவதே அதற்குத்தான்.

அண்ணன்: அது நமக்காகச் சொல்வது சித்தப்பா. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்கு எப்படி இருக்கும்? நான் விற்கிற கட்சி.

அப்பா: எல்லாம் படித்தேன். எழுத்து நன்றாகவே கேட்கிறது.

அப்பா: காருக்குறிச்சியாரை 40 வருடமாகக் கேட்கிறேன். தட்டைப் போட்டால் காது பாதி கொடுக்கிறது, விட்டதை மனசு போட்டுக்கொள்கிறது. அது எனக்குப் போதும். போன வாரம் புதிதாக ஒரு தட்டு வாங்கிப் போட்டேன். முன்பு கேட்டிராத வாசிப்பு. மனசிடம் போட ஒன்றும் இல்லை. தவில்தான் தெளிவாகக் கேட்டது. அன்றுதான் விற்கச் சொன்னேன்.

அத்தை: அண்ணே, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?

நான்: அப்படியென்றால் பழைய தட்டுகளுக்காகவாவது வைத்துக்கொள்ளலாமே அப்பா?

அப்பா: அதைத்தான் யோசிக்கிறேன். முலுண்டுக்காரரை அடுத்த வாரம் வரச் சொல். செவ்வாய்க்கிழமை அந்தப் புரோகிராமைப் போட்டுவிட்டு வந்து அந்தப் புதுத் தட்டைத்தான் கேட்பேன். தாளம் லேசாகக் கேட்டாலும் விற்பனை கிடையாது. கேட்காவிட்டால் அப்போதும் விற்க வேண்டாம், என் தம்பி வீட்டுக்குப் போகட்டும். ஆனால் அவனும் அதே ஷெட்தான். முதலில் அவன் காதைப் பாருங்கள்.

சித்தப்பா: எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது அண்ணே.

சித்தி: நேற்று குக்கர் ஏழு விசில் அடித்து அடிப்பிடித்தது. இவர் அடுப்புக்குப் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நான்: செவ்வாய்க்கிழமைக்கு இன்னொரு சீட்டும் எடுக்கிறேன்.