அறிவியல் வகுப்பில் மாணவர் வாய் திறக்காததற்குக் காரணம் பண்பாடா, தேர்வா?

கொடுமுடி ஆசிரியர்:
அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். பத்தாம் வகுப்புச் செய்முறையில், கொடுக்கப்பட்ட மாதிரி அமிலமா காரமா என்று கண்டறியும் சோதனை உண்டு. காரத்தில் இளஞ்சிவப்பாக மாறும் நிறங்காட்டியான பினாப்தலீன் பழையதாகிவிட்டதோ என்னவோ, ஒரு மாணவியின் சோதனைக்குழாயில் இளஞ்சிவப்பு வரவில்லை. அவள் பக்கத்து மாணவியின் குழாயைப் பார்த்தாள். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு "கரைசல் இளஞ்சிவப்பாக மாறுகிறது" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டாள். கண்ணால் கண்டதைவிடப் பெரியவர் சொன்னதே மெய் என்றும், ஆசிரியரிடம் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்றும் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை வேறு என்ன எழுதுவாள்? பாடநூலை எத்தனை முறை மாற்றி எழுதினாலும், இந்த வளர்ப்பைத் தொடாதவரை வகுப்பறை மாறாது என்பதே என் நிலைப்பாடு.

அமராவதி:
ஐயா, உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். எதிர்பார்க்கப்படும் விடையை எழுதினால்தான் மதிப்பெண் என்பது அந்த மாணவிக்கு நன்றாகத் தெரியும். நிறம் வரவில்லை என்று அவள் உள்ளபடியே எழுதியிருந்தால் நீங்கள் முழு மதிப்பெண் இட்டிருப்பீர்களா? ஊர்த் திருவிழாவில் விடிய விடியப் பட்டிமன்றம் கேட்கும் மக்களை, மறுத்துப் பேசத் தெரியாத பண்பாட்டினர் என்று சொல்வது பொருந்தாது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான கிராமத்துப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து, கண்டதை எழுதி, அதைப் பற்றி வகுப்பில் விவாதித்தார்கள். அங்கும் பெரியவர்களுக்கு அடங்கி நடக்கும் வழக்கம் இருக்கத்தான் செய்தது. ஆனால் தேர்வைப் புத்தகம் பார்த்து எழுதலாம் என்று ஆக்கி, செய்முறையையும் அதில் சேர்த்தார்கள், பிள்ளைகள் பேசினார்கள். 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியதற்கு எந்தக் குழந்தையின் வளர்ப்பும் காரணமில்லை.

கொடுமுடி ஆசிரியர்:
முழு மதிப்பெண் இட்டிருப்பேன். ஆனால் அவள் அதை நம்பியிருக்க மாட்டாள். தேர்வுதான் எல்லாம் என்றால், பொதுத்தேர்வே இல்லாத எட்டாம் வகுப்பிலும் அதே மௌனம் ஏன் நிலவுகிறது? குழுவாகச் சோதனை செய்யும்போது மாணவர்கள் குழாயைப் பிடிக்கிறார்கள், மாணவிகள் அட்டவணை போடுகிறார்கள். முடிந்ததும் கருவிகளைக் கழுவி வைப்பதும் மாணவிகளே. அப்படிச் செய்யும்படி எந்த வினாத்தாளும் சொல்லவில்லை. குழுவைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டால், ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக உட்காருவதையும் காண்கிறேன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பட்டிமன்றத்திலும் மேடையில் இருப்பவர்தான் பேசுகிறார். கீழே இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் ஒலிவாங்கி கொடுப்பதில்லை.

பொருநை:
இருவரும் பண்பாட்டை வகுப்புக்குள் நுழையும் தடையாக மட்டுமே பார்க்கிறீர்கள் என்பது என் வருத்தம். நிறங்காட்டி பாடத்தைப் பினாப்தலீனில் தொடங்காமல், ஆரத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது என்ற கேள்வியில் நான் தொடங்குகிறேன். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ப்பதை வீட்டில் பார்த்தவர்கள், பெரும்பாலும் மாணவிகள், முந்திக்கொண்டு பேசுகிறார்கள். எலுமிச்சைச் சாற்றை விட்டால் மீண்டும் மஞ்சளாகுமா என்று ஒருத்தி கேட்டாள். பிழிந்து பார்த்தோம், ஆனது. தனக்குத் தெரிந்த பொருளைப் பற்றிப் பேசும்போது அந்தப் பிள்ளைகளுக்குத் தயக்கமே இல்லை.

அமராவதி:
நல்ல தொடக்கம்தான் அம்மா. ஆனாலும் எனக்கு அச்சமாக இருக்கிறது. சுண்ணாம்பில் உள்ள காரத்தால் மஞ்சள் சிவக்கிறது என்பதோடு நிற்காமல், முன்னோர் செய்ததெல்லாம் அறிவியலே என்று முடித்துவைக்கும் வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். கிரகண நேரத்தில் உணவில் தர்ப்பையைப் போட்டுவைக்கும் வழக்கத்துக்கும் இப்படித்தான் விளக்கம் தேடுகிறார்கள்.

பொருநை:
அந்த வழக்கத்தையே சோதனையாக்கினேன். 2025 செப்டம்பர் 7 அன்று இரவு முழுச் சந்திரகிரகணம். ஒரே பானைச் சோற்றை இரண்டு கிண்ணங்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் தர்ப்பை போட்டு, இரண்டையும் ஒரே இடத்தில் மூடிவைக்குமாறு ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். கிரகணம் இல்லாத மற்றோர் இரவிலும் அதையே செய்யச் சொன்னேன். செய்தவர்கள் எல்லோரும், எந்தக் கிண்ணத்திலும் வேறுபாடு தெரியவில்லை என்று எழுதிவந்தார்கள். ஆனால் ஒரு மாணவன் வீட்டில் பாட்டியிடம் அதைச் சொல்லி, அப்பாவிடம் அடி வாங்கினான்.

கொடுமுடி ஆசிரியர்:
நான் சொல்லவருவது இதைத்தான். அந்த அடிக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பில்லை. கண்டதைச் சொன்னதற்காகப் பிள்ளை வீட்டில் தண்டனை பெறுகிறான் என்றால், நம் வேலை ஆய்வகத்தோடு முடிவதில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்தக் கிண்ணங்களை மேசைமேல் வைத்து, பாட்டிகளையும் அழைத்துப் பேசவேண்டும் என்பது என் யோசனை.

அமராவதி:
அதற்கு நான் உடன்படுகிறேன். ஆனால் அந்த மாணவனின் ஏட்டுக்குச் செய்முறையில் மதிப்பெண் உண்டு என்பதையும் அதே கூட்டத்தில் அறிவியுங்கள். பெற்றோர் அதைக் காதுகொடுத்துக் கேட்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.