செம்மறிக் குட்டிகளுக்குக் காளான் கழிவு கொடுக்கலாமா?

ஜலகண்டாபுரம் செல்வி:
வணக்கம். மேச்சேரி இனச் செம்மறி ஆடு வளர்க்கிறேன். தை மாதம் பிறந்த குட்டிகளை இப்போதுதான் தாயிடமிருந்து பிரித்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் சிப்பிக் காளான் குடில் இருக்கிறது. அறுவடை முடிந்த வைக்கோல் பெட்டுகளும் (காளான் வளர்க்க வைக்கோல் அடைத்த பைகள்), நறுக்கிப் போட்ட அடிக்காம்புகளும் வரப்போரம் குவிந்து கிடக்கின்றன. சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். காளான் கொடுத்தால் குட்டிக்கு நோய் எதிர்ப்பு சக்தி வரும், குடற்புழு மருந்தே தேவைப்படாது என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். புண்ணாக்கு விற்கிற விலையில் இது தேறினால் நல்லதுதான். யாராவது கொடுத்திருக்கிறீர்களா?

பவானி குமார்:
எங்கள் எருமைக்குப் பழைய பெட்டைப் போடுகிறோம், நன்றாகத் தின்கிறது. குட்டிக்குப் போட்டதில்லை அக்கா.

கொறங்காட்டு மாரிமுத்து:
செல்வி, முதலில் அந்தத் தோட்டத்துக்காரரிடம் வைக்கோலை எதில் ஊறவைத்தார் என்று கேளம்மா. வெந்நீரிலோ ஆவியிலோ வேகவைத்தது என்றால் மேற்கொண்டு பேசலாம். 100 லிட்டர் தண்ணீரில் 7.5 கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லி, 125 மில்லி ஃபார்மலின் என்ற கிருமிநாசினி கலந்து இரவெல்லாம் ஊறப்போடும் முறையும் உண்டு. வேண்டாத பூஞ்சணத்தைக் கொல்ல அது வசதி. ஆனால் அந்த வைக்கோலை என் பட்டிக்குள் விடமாட்டேன்.

அப்புறம் பெட்டைப் பிய்த்துப் பார். நல்லது வெள்ளையாக, காளான் மணத்தோடு பொலபொலவென்று உதிரும். பச்சை, கருப்புத் திட்டு இருந்தாலோ, புழு நெளிந்தாலோ நேரே குப்பைக்குழிக்குத்தான். வரப்பில் மழையில் நனைந்து கிடந்ததைத் தொடவே வேண்டாம். அறுவடை முடிந்த அன்றே வாங்கி, பாலித்தீன் பையையும் கட்டுக்கயிற்றையும் ஒரு துணுக்கு விடாமல் உரித்துவிட்டு வெயிலில் காயப்போடு. ஆட்டின் வயிற்றுக்குள் பை போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும்.

சத்து என்று பார்த்தால், காளான் இழை வைக்கோலில் செரிக்காத கடினப் பொருளான லிக்னினைச் சிதைக்கிறது. அதனால் வைக்கோல் மென்மையாகிறது. வெறும் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். பெட்டாகி வந்ததில் கொஞ்சம் கூடும். ஆனால் செரிக்கக்கூடிய நாரில் ஒரு பங்கைத் தான் தின்றுவிட்டுத்தானே காளான் பூக்கிறது? மிச்சத்தில் சாம்பலும் சிலிக்காவும் கூடுதலாக நிற்கும். ஆக இது கொஞ்சம் தேறிய வைக்கோல். புண்ணாக்கு இருக்கிற இடத்தில் இதை வைக்காதே. அந்த இடத்துக்கு வேலிமசால், அகத்தி, சூபாபுல் தழைதான் ஓரளவு நெருங்கி வரும்.

இப்போதுதான் பிரித்த குட்டி என்கிறாய். தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருக்கும், இரையும் குறைந்திருக்கும். இந்தச் சமயத்தில் புதுத் தீவனம் எதுவும் வேண்டாம். நன்றாக மேயத் தொடங்கியபிறகு ஒரு கைப்பிடி நறுக்கி, பசுந்தழையோடு கலந்து கொடு. கழிச்சல் இல்லையென்றால் மெல்ல மெல்லக் கூட்டலாம். காய்ந்த தீவனத்தில் கால் பங்குக்கு மேல் நான் கொடுப்பதில்லை. பால் குடிக்கும் குட்டிக்கு இந்தப் பேச்சே கிடையாது.

கோத்தகிரி பீட்டர்:
எங்கள் பக்கம் பட்டன் காளான்தான் அதிகம். அந்தக் கம்போஸ்ட்டும் கொடுக்கலாமா அண்ணா?

கொறங்காட்டு மாரிமுத்து:
கூடாது தம்பி. கோழி எரு, ஜிப்சம், யூரியா எல்லாம் போட்டு மக்கவைத்தது அது. மேலே மூடிய மண்ணும் சேர்ந்திருக்கும். தோட்டத்துக்குப் போடு.

செல்வி, குடற்புழு பற்றிக் கேட்டிருந்தாயே. காளானில் பீட்டா குளுக்கான் என்ற நார்ப்பொருள் இருக்கிறது, நோய் எதிர்ப்பைத் தூண்டும் என்று ஆய்வுகள் நடக்கின்றன. அதுவரை சரி. அதைப் பிடித்துக்கொண்டு மருந்தே வேண்டாம் என்பது வீடியோவுக்கு நல்ல தலைப்பு, அவ்வளவுதான். மழைக்குப் பின்னால் ரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழு ஏறிவிட்டால் குட்டியின் கீழிமை வெளுக்கும், தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கும். அந்தக் குட்டிக்குக் காளானைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதிக்கக் கொடு, அவர்கள் சொல்கிற மருந்தைக் குட்டியின் எடைக்குத் தக்கபடி ஊற்று. துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்கான தடுப்பூசிகளையும் தள்ளிப்போடாதே. பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உனக்குத் தூரமில்லை. தீவனக் கணக்கை அங்கேயே கேட்கலாம்.

ஜலகண்டாபுரம் செல்வி:
கேட்டுவிட்டேன் அண்ணா. ஃபார்மலின் தண்ணீரில்தான் ஊறவைக்கிறாராம். பெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடிக்காம்பு மட்டும் எடுக்கலாமா?

கொறங்காட்டு மாரிமுத்து:
காம்பு நாம் தின்கிற காளானில் ஒரு பகுதிதானே, எடுக்கலாம். ஒட்டியிருக்கும் வைக்கோலைச் சுத்தமாக நறுக்கி எறிந்துவிடு. பச்சையாகக் குவித்து வைத்தால் மறுநாளே நாறும், அன்றன்றைக்கே காயவை. பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோ தேறும், அதனால் பெரிதாக எதிர்பார்க்காதே. இடித்துத் தவிட்டில் கலந்து, பெரிய குட்டிகளுக்கு முதலில் கொஞ்சமாகக் காட்டு.