மறு: சிலந்தி நண்டின் ‘ரோஸ்ட்ரம்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

சிலந்தி நண்டுகளை (ஸ்பைடர் கிராப்) அடையாளம் காணும் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. தனித்தனியாகப் பதில் போடாமல் ஒரே மடலில் எழுதிவிடுகிறேன்.

> ஸ்பைடர் கிராபுக்கு ‘எட்டுக்கால் நண்டு’ என்று வைத்தால் என்ன? எட்டுக்கால் பூச்சி எல்லாருக்கும் தெரியும்.

தெரியும்தான். ஆனால் கொடுக்கு இரண்டையும் கழித்து எண்ணினால் சந்தைக்கு வருகிற சிலுவை நண்டுக்கும் முக்கண் நண்டுக்கும்கூட எட்டுக் கால்தான். அவற்றில் கடைசி ஜோடி துடுப்பாக மாறியிருக்கும், அவ்வளவே. எதையும் பிரித்துக் காட்டாத பெயர் நமக்கு எதற்கு? ‘சிலந்தி நண்டு’ ஏற்கெனவே புழங்குகிறது. மஜாய்டியா என்ற பெருங்குடும்பம் முழுவதற்கும் அதையே வைத்துக்கொள்வோம்.

இப்போது ரோஸ்ட்ரம். ஓட்டின் முன்விளிம்பில், இரண்டு கண்ணுக்கும் நடுவில், முன்னால் துருத்தி நிற்கும் பகுதி இது. இறால் உரிக்கும்போது விரலைக் குத்துகிறதே, அதுதான். இதுவரை வந்த பரிந்துரைகள்: அலகு, மூக்கு, நெற்றிக்கூர், கொம்பு.

‘அலகு’ எனக்கு ஒத்துவரவில்லை. பறவையின் அலகு திறந்து மூடும், இரை எடுக்கும். நண்டின் வாய் இதற்குக் கீழே எங்கோ இருக்கிறது.

‘மூக்கு’ இன்னும் சிக்கல். நண்டுக்கு மோப்பம் பிடிப்பது ரோஸ்ட்ரத்துக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் சிறிய உணர்கொம்புகள். மோப்ப உறுப்பு பக்கத்திலேயே இருக்க, அந்த வேலையே செய்யாத ஒன்றை மூக்கு என்றால் படிக்கிற பிள்ளை குழம்பிப் போகும். ‘கிரேக்கத்திலேயே மூக்குதானே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ‘ஆக்சிரிங்கா’ என்ற பழைய தொகுதிப் பெயருக்குக் ‘கூர்மூக்கிகள்’ என்று பொருள். விலங்கியலாளர் ஆல்ஃபிரட் ஆல்காக் 1895இல் இந்திய நண்டுகளைப் பட்டியலிடத் தொடங்கியபோது முதல் பகுதியாக எடுத்துக்கொண்டதும் இந்தத் தொகுதியைத்தான். ஆனால் கூரான முகம் ஒன்றை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது என்று பின்னால் தெரிந்துபோனது. அந்தத் தொகுதியில் சிலந்தி நண்டுகளோடு சேர்ந்திருந்த பார்த்தினோப்பிடே இன்று தனிப் பெருங்குடும்பம். கைவிடப்பட்ட வகைப்பாட்டின் நிழலை நாம் புதுச் சொல்லில் ஏற்ற வேண்டாம்.

‘நெற்றிக்கூர்’ கிட்டத்தட்ட சரி. நானும் முதலில் அதன் பக்கம்தான் சாய்ந்தேன். அதற்கு ஒரு சோதனை வைத்துப் பார்ப்போம். கம்போசியா ரெட்டூசா என்ற நண்டு: செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி மேற்குப் பசிபிக் வரை பவளப்பாறைகளில் இருப்பது. 1829இல் பிரெஞ்சு விலங்கியலாளர் லாத்ரேய் பெயரிட்டது. ‘ரெட்டூசா’ என்றாலே மழுங்கியது என்று பொருள். இதன் ரோஸ்ட்ரம் இரண்டு குட்டை மடல், அவ்வளவுதான். ‘நெற்றிக்கூர் மழுங்கியது’ என்று எழுதினால் எப்படி இருக்கும்?

மற்ற பேரினங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹயாஸ்டீனஸுக்கு இரண்டு நீண்ட கொம்புகள் விலகி நிற்கும். கரீபியன் கடலில் இருக்கிற ஸ்டெனோரிங்கஸ் செட்டிகார்னிஸுக்கு ஒற்றை ஊசி, ஓரம் முழுக்கப் பல். நம் இழுவலைகளில் வேண்டாத நண்டாகக் கரைக்கு வரும் டோக்ளியாவுக்குக் குட்டையாக, நுனி பிளந்து இருக்கும். (உடம்பெல்லாம் வெல்வெட் போல மயிர், அதனால்தானோ என்னவோ ஓர் இனத்துக்கு ‘செம்மறியாடு’ என்றே இலத்தீனில் பெயர்.) கூர், கொம்பு, ஊசி எல்லாம் ரோஸ்ட்ரத்தின் வடிவங்கள். உறுப்புக்கு வைக்கிற பெயர் வடிவத்தைச் சொல்லாமல் இருந்தால்தான், வடிவத்தைப் பின்னால் அடைமொழியாகச் சேர்க்க முடியும்.

ஆகவே என் பரிந்துரை நெற்றிமுனை. குமரிமுனை என்கிறோம், அங்கே நிலம் ஊசியாகவா நீண்டிருக்கிறது? துருத்தி நிற்பது முனை, கூராகவும் இருக்கலாம், மொக்கையாகவும் இருக்கலாம்.

> பேசாமல் ரோஸ்ட்ரம் என்றே எழுதலாமே?

பேரினப் பெயர்களுக்கு அதைத்தான் செய்கிறேன். ஆனால் அடையாளம் காணும் கையேட்டில் ஒரு வரி எப்படி வரும் என்று பாருங்கள்: ‘நெற்றிமுனை இருகொம்பு, கண்பின் மடல் கிண்ணம்போல் குழிந்தது, ஓடு பேரிக்காய் வடிவம்.’ படித்துக்கொண்டே நண்டைத் திருப்பிப் பார்க்கலாம். ரோஸ்ட்ரம், போஸ்ட் ஆர்பிட்டல் லோப் என்று போனால் வரிக்கு ஒரு தரம் அகராதியைப் புரட்ட வேண்டும்.

இலங்கையிலிருந்து எழுதிய நண்பர் ஒரு முக்கியமான கேள்வி கேட்டிருந்தார்: நெற்றிமுனையை மட்டும் பார்த்துக் குடும்பம் சொல்லிவிடலாமா? முடியாது. குடும்பத்தைப் பிரிப்பதில் பெரிய பங்கு கண்குழிக்கு. மஜிடே குடும்பத்தில் கண்ணுக்கு மேலே ஓடு ஒரு கூரை விளிம்பாக நீண்டு, கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ள இடம் தரும். கம்போசியா இருக்கும் இனாக்கிடேயில் அந்த வசதி கிடையாது. நீண்ட காம்பில் கண் வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கூரை விளிம்பை ஆங்கிலத்தில் ‘ஈவ்’ என்றே எழுதுகிறார்கள். நமக்கு ‘இறவாணம்’ இருக்கும்போது ‘கண்மேல் நீட்சி’ என்று வெளிறிய சொல் ஒன்றை ஏன் கட்ட வேண்டும்? ‘கண் இறவாணம்’ என்று வைக்கலாம். ஓட்டு வீடு பார்க்காத தலைமுறைக்கு இது புரியாது என்று யாராவது சொல்லப் போகிறீர்கள், தெரியும். ஒரு படம் போட்டால் தீர்ந்தது.

குடும்ப எல்லைகள் இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கின்றன என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். முன்பு எல்லாமே மஜிடே என்ற ஒரே குடும்பம், உள்ளே துணைக்குடும்பங்கள். அப்புறம் அதையே பெருங்குடும்பமாக உயர்த்தினார்கள். ஸ்டெனோரிங்கஸ் இனாக்கிடேயிலிருந்து இனாக்காயிடிடேவுக்குப் போய்விட்டது. இந்த இரண்டு பெயரையும் தமிழில் மொழிபெயர்க்கவே கூடாது. ஒலிபெயர்ப்பிலேயே ஓர் எழுத்து தவறினால் ஆள் மாறிவிடும்!

அடுத்தது, தூத்துக்குடி அக்கா கேட்ட ‘ஹூக்டு சீட்டே’. இந்த நண்டுகளில் பல, பஞ்சுயிரி, பாசித் துணுக்குகளைப் பிய்த்து வாயில் மென்று ஓட்டில் தேய்த்து ஒட்டிக்கொள்ளும். பிடித்துக்கொள்வது பசை அல்ல, நுனி வளைந்த மயிர்கள். கொக்கிமயிர் போதும். ‘வளைநுனி நுண்மயிர்’ துல்லியம்தான், வாயில் நிற்காது. அடையாளம் காண்பவர் முதலில் இந்த ஒப்பனையைத் தூரிகையால் தேய்த்து எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நெற்றிமுனையும் தெரியாது, இறவாணமும் தெரியாது. ஒப்பனையைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

வயதும் ஏமாற்றும். சிலந்தி நண்டுகள் பருவமடைந்ததும் ஒரு கடைசி ஓடுகழற்றலோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. அதற்கு முந்தைய இளசுகளில் நீளமாகத் தெரிகிற முள், டோக்ளியா போன்றவற்றில் முதிர்ந்ததும் மொக்கையாகிவிடும். எனவே கையேட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ‘முதிர் ஆண்’ என்று போட்டே ஆக வேண்டும். இனத்தை உறுதி செய்வது பெரும்பாலும் ஆணின் முதல் வயிற்றுக்காலை (கலவிக்கு உதவும் உறுப்பு) வைத்துத்தான் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

அந்த முதல் வயிற்றுக்கால், அதாவது ‘கோனோபாட்’, இன்னும் பெயரில்லாமல் நிற்கிறது. ‘கலவிக்கால்’, ‘புணர்கால்’ இரண்டும் வந்திருக்கின்றன. பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் கூச்சமில்லாமல் எதைச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். எனக்குப் ‘புணர்கால்’ பிடித்திருக்கிறது.

அன்புடன்