அநாமதேயமாக்கலுக்கு வேறு சொல் வேண்டும்

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் வாக்குமூலம் எடுத்துக் கணினியில் ஏற்றுகிறோம். ஒப்புதல் படிவம் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘உங்கள் தரவு அநாமதேயமாக்கப்படும்’, அதாவது யாருடையது என்று தெரியாமல் செய்யப்படும், என்று வாசித்துக் காட்டினோம். ஓர் அம்மா, “அநாமதேயக் கோல் வந்துதானே நான் நம்பரை மாத்தினனான்” என்று பேனையை வைத்துவிட்டார். வேறு சொல் தாருங்கள்.

வவுனியாவிலிருந்து:
அது வடசொல், தங்கச்சி. நாமதேயம் என்றால் பெயர். ‘பெயர்நீக்கம்’ என்று போடுங்கள்.

மல்லாவியிலிருந்து:
வேண்டவே வேண்டாம், ஐயா. பட்டியலில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கின சனம். 2017 மாசியில் கிளிநொச்சியில் பிள்ளைகளைக் கேட்டுப் போராடத் தெருவோரம் குந்தின சனம். அவர்களிடம் பெயரை நீக்குவோம் என்பதா? தவிர, பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ஊர், திகதி, பிள்ளைகள் எத்தனை பேர், இவ்வளவும் இருந்தால் யாரென்று எங்கள் ஊரில் சிறுபிள்ளையும் சொல்லும். போனில் எடுத்த படத்துக்குள் எங்கே எடுத்தது என்ற இடக்குறிப்பும் கிடக்கும்.

வவுனியாவிலிருந்து:
சரி, தொல்காப்பியத்துக்குப் போவோம். அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’, அதாவது காதல் பாட்டில் இன்னார் என்று பெயர் சுட்டக்கூடாது. நெடுநல்வாடையில் பெயரே இல்லை. ஆனால் வேலில் கட்டிய வேம்பு, பாண்டியரின் அடையாளப் பூ, பாண்டியனைக் காட்டிவிட்டதால் அதை அகமல்ல, புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். மல்லாவி சொல்லும் இடக்குறிப்பும் அந்த வேம்புதான். ஆகவே ‘சுட்டாமை’.

முல்லைத்தீவிலிருந்து:
வேம்பை எங்கள் பயிற்சி வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன், ஐயா. ஆனால் ‘சுட்டு’ என்றால் இங்கே துவக்குத்தான் நினைவுக்கு வரும். ‘அடையாள மறைப்பு’ என்போமே.

மன்னாரிலிருந்து:
மறைப்பும் நீக்கமும் ஒன்றல்ல. பெயருக்கு இலக்கம் போட்டு, எந்த இலக்கம் யார் என்ற பட்டியலை வைத்திருந்தால் அது மறைப்பு. பட்டியல் பிடிபட்டால் எல்லாரும் பிடிபடுவார்கள். யாரென்று திரும்பக் கண்டுபிடிக்கவே முடியாமல் செய்தால்தான் நீக்கம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இரண்டையும் பிரித்தே சொல்கிறது.

கிளிநொச்சியிலிருந்து:
அடியோடு நீக்கினால் நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல ஆளிருக்காது. பட்டியலைப் பூட்டி வைக்கத்தான் போகிறோம். அதை மறைக்காமல் எழுத வேண்டும். தலைப்பில் ‘அடையாள மறைப்பு’. கீழே, ‘நீங்கள் யாரென்று வெளியில் தெரிய விடமாட்டோம், பெயர்ப் பட்டியல் எங்களிடம் இருக்கும்’ என்று முழு வசனம். மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள்.

வவுனியாவிலிருந்து:
படிவத்துக்குச் சரி. ஆளை மறைத்த நாட்டில் ‘மறைப்பு’ என்று நாமே எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. கலைச்சொல் பட்டியலுக்குச் ‘சுட்டாமை’ என்றே அனுப்புகிறேன்.