கராஜில் பட்டறை போடப் போகிறீர்களா? முதலில் கறுப்பு வயரைப் பற்றிப் பேசுவோம்

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து ஏஜாக்ஸ் ஊரில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, கராஜில் சின்னதாக ஒரு மரப்பட்டறை போட ஆசை. ஊரில் வீட்டு வயரிங் எல்லாம் நானேதான் பண்ணினேன். இங்கேயும் நாமே பண்ணிக்கலாமா?"

பண்ணிக்கலாம் தம்பி. ஆனால் "ஊரில் நானேதான் பண்ணினேன்" என்றீர்களே, எனக்குப் பயம் அங்கேதான். ஒன்றும் தெரியாதவன் பேனல், அதாவது ப்ரேக்கர்கள் இருக்கும் மெயின் பெட்டி, பக்கமே போக மாட்டான். பாதி தெரிந்தவன் கைதான் தானாக நீளும். நான் கோயம்புத்தூரில் அப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வளர்ந்தவன். ஒன்டாரியோ வந்த முதல் குளிர்காலத்தில், கராஜில் செத்துப்போன டியூப் லைட்டை மாற்ற ஏணியில் ஏறினேன். ஸ்விட்சை மேலே தூக்கி வைத்துவிட்டு ஏறினேன், ஊரில் மேலே என்றால் ஆஃப். இங்கே மேலே என்றால் ஆன். லைட்தான் செத்துவிட்டதே, வயரில் கரன்ட் இருப்பது எப்படித் தெரியும்? மூடியைக் கழற்றினால் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, ஒரு வெறும் செம்புக் கம்பி. ஊரில் போலக் கறுப்பு நியூட்ரல்தானே என்று கை போனது. இறங்கும் வழியில் முழங்கை கார் கண்ணாடியில் இடித்ததுதான் நினைவிருக்கிறது.

ஆகவே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இங்கே கறுப்புதான் பேஸ், அதாவது கரன்ட் வரும் வயர். சிவப்பு இருந்தால் அதுவும் பேஸ். வெள்ளை நியூட்ரல், வெறும் செம்பு அல்லது பச்சை எர்த். பழைய ஸ்விட்ச் பெட்டிகளில் வெள்ளையையே பேஸாக ஓட்டியிருப்பதும் உண்டு, அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஸ்விட்சையும் நம்பாதீர்கள். பேனலில் ப்ரேக்கரை இறக்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். ஊரிலிருந்து கொண்டு வந்த நியான் டெஸ்டர் 120 வோல்ட்டில் மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள்.

அடுத்தது, கரன்ட் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு. நம் ஊரில் 230 வோல்ட், ஒரு 15 ஆம்பியர் பாயின்ட்டில் 3450 வாட் எடுக்கலாம். இங்கே சாதாரண பாயின்ட் 120 வோல்ட், 15 ஆம்பியர். மொத்தமே 1800 வாட். நீண்ட நேரம் ஓடும் லோடு என்றால் அதில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதாவது 1440. ஒரு டேபிள் ரம்பமே 15 ஆம்பியர் கேட்கும். கூடவே தூசி உறிஞ்சும் வாக்குவம், காலடியில் 1500 வாட் ஹீட்டர். மூன்றையும் ஒரே சர்க்யூட்டில் போட்டால் பலகை பாதி அறுக்கும்போதே ப்ரேக்கர் விழும். என் கராஜில் வீடு கட்டியவர்கள் கொடுத்திருந்தது ஒரே ஒரு சர்க்யூட், அதிலேயே கதவு தூக்கும் மோட்டாரும் லைட்டும். பக்கத்து வீடுகளிலும் அதே கதைதான்.

ஒவ்வொரு பாயின்ட்டாக இழுத்துக்கொண்டிருப்பதைவிட கராஜிலேயே ஒரு சப்-பேனல், அதாவது மெயின் பேனலிலிருந்து கிளை எடுத்த சின்ன ப்ரேக்கர் பெட்டி, வைத்துவிடுவது மேல் என்பது என் கட்சி. வீட்டு மெயின் 200 ஆம்பியர் என்றால் 60 ஆம்பியர் சப்-பேனலுக்குப் பெரும்பாலும் தாராளமாக இடமிருக்கும். 100 ஆம்பியர் வீடு, மின்சார அடுப்பு, டிரையர், போதாக்குறைக்கு எலெக்ட்ரிக் கார் சார்ஜர் என்றால் முதலில் லோடு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சப்-பேனலுக்கு 240 வோல்ட் வந்துவிடும். இரண்டு பேஸ், ஒவ்வொன்றிலிருந்தும் நியூட்ரலுக்கு 120, இரண்டுக்கும் இடையே 240. ரம்பத்துக்குத் தனி 20 ஆம்பியர், வாக்குவத்துக்குத் தனி 20, மேஜைக்கு மேலே ஒன்று, லைட்டுக்குத் தனியாக ஒன்று. லைட்டைத் தனியாகப் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரம்பம் சுற்றிக்கொண்டிருக்கும்போது ப்ரேக்கர் விழுந்து கும்மிருட்டில் நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன்.

வயர் கனம்: 15 ஆம்பியருக்கு 14 கேஜ், 20க்கு 12, 30க்கு 10. கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும். இப்போது விற்கும் கேபிள்களில் மேலுறை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், வெள்ளை 14, மஞ்சள் 12, ஆரஞ்சு 10. ப்ரேக்கர் அடிக்கடி விழுகிறதே என்று 14 கேஜ் வயரில் 20 ஆம்பியர் ப்ரேக்கர் போடுகிறவர்கள் உண்டு. வயர் சுவருக்குள் சூடாவது வெளியே யாருக்கும் தெரியாது. இன்னொன்று, சப்-பேனலில் நியூட்ரலும் எர்த்தும் தனித்தனிப் பட்டையில் இருக்க வேண்டும். மெயின் பேனலில் இரண்டும் சேர்ந்திருப்பதைப் பார்த்து இங்கேயும் சேர்த்துவிடாதீர்கள்.

கராஜ் பாயின்ட்டுகளை ஜிஎஃப்சிஐ பாதுகாப்போடு போடுங்கள், கரன்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் கருவி அது. நம் ஊர் வீடுகளில் இருக்கும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரில் விழும், இது 5 மில்லி ஆம்பியரிலேயே விழும். கார் கொண்டுவரும் உப்புப் பனி உருகித் தரையெல்லாம் ஈரமாகக் கிடக்கும் இடத்தில் இது அவசியம்.

யார் செய்யலாம் என்ற விஷயத்துக்கு வருவோம். ஒன்டாரியோவில் சொந்த வீட்டில் நாமே வயரிங் செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எலெக்ட்ரிக்கல் சேஃப்டி அத்தாரிட்டிக்கு, அதாவது ஈஎஸ்ஏவுக்கு, முன்கூட்டியே அறிவித்துப் பணம் கட்டி இன்ஸ்பெக்ஷன் வாங்க வேண்டும். வாடகை வீடு, கான்டோ டவுன்ஹவுஸ் (பொது நிர்வாகத்தின் கீழ் வரும் வரிசை வீடு) என்றால் கதையே வேறு, உரிமையாளரையும் நிர்வாகத்தையும் கேட்காமல் கை வைக்காதீர்கள். காசு கொடுத்து ஆள் வைப்பதானால், அவர் லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டராக இருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். "அண்ணா, நான் லைசென்ஸ் எலெக்ட்ரீஷியன்தான், சனிக்கிழமை வந்து பாதி விலைக்கு முடிச்சுத் தர்றேன்" என்பார்கள். அவர் கைத்தொழில் சான்றிதழ் உண்மையாகவே இருக்கலாம். அது கம்பெனிக்குக் கீழே வேலை பார்க்கத்தான் செல்லும், தனியாக உங்களிடம் வேலை பிடிக்கச் செல்லாது. கான்ட்ராக்டர் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள், ஈஎஸ்ஏ இணையதளத்தில் தேடிப் பாருங்கள். வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்ஷன் சான்றிதழை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போதோ, இன்ஷூரன்ஸில் பேச்சு வரும்போதோ அந்த ஒற்றைக் காகிதம் கை கொடுக்கும்.

இன்ஸ்பெக்டர் வயரைப் பார்த்து முடிப்பதற்குள் டிரைவாலை, அதாவது சுவரை மூடும் ஜிப்சம் பலகையை, அடித்து மூடிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆர்வத்தில் பெயின்ட் வரை அடித்துவிட்டார், பிறகு அவரே உடைத்தார். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் வீட்டுப் பக்கச் சுவரில் துளை போட்டாலும் இடைவெளி விடாமல் அடைக்க வேண்டும், கார் புகை உள்ளே போகக் கூடாது. நடுக்கதவு தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங்கைத் தொந்தரவு என்று கழற்றாதீர்கள், அதுவும் அதற்காகத்தான் இருக்கிறது. கராஜ் தனியாக நிற்கிறது என்றால் மண்ணுக்கடியில் கேபிள் போக வேண்டும். தோண்டுவதற்கு முன் ஒன்டாரியோ ஒன் கால் என்ற சேவை மூலம் கேஸ், கேபிள் பாதைகளைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். இலவசம்தான், சட்டப்படி கட்டாயமும்கூட.

குளிர். ஜனவரியில் சும்மா கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்துவிடலாம் என்று நினைப்பீர்கள். கை தாங்கும், பசை தாங்காது. மரப்பசை குளிரில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பிடிப்பே இல்லாமல் போகும். லித்தியம் பேட்டரிகளைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது, சார்ஜரை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது 240 வோல்ட், 5000 வாட் ஹீட்டர். அதற்கு 30 ஆம்பியரில் தனி சர்க்யூட். இன்சுலேஷன் இல்லாத கராஜில் அதுவும் தெருவுக்குத்தான் சூடேற்றும், முதலில் கதவையும் கூரையையும் கவனியுங்கள்.

சுவரில் எதை மாட்டினாலும் செங்கல் என்று நினைத்துத் துளைத்து ரால் பிளக் அடிக்க வேண்டாம். உள்ளே மரச்சட்டங்கள், பெரும்பாலும் நடுவுக்கு நடு 16 அங்குலம். சட்டத்தைக் கண்டுபிடித்துத் திருகுங்கள். நான் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பிளைவுட் அடித்துவிட்டேன், இனி எங்கே வேண்டுமானாலும் கொக்கி. ஸ்க்ரூ வாங்கும்போது சதுரக் குழி உள்ள ராபர்ட்சன் வாங்குங்கள். ஒன்டாரியோவின் மில்டனில் தொழிற்சாலை வைத்திருந்த ராபர்ட்சன் 1908இல் கண்டுபிடித்தது. சிவப்புப் பிட் ஒன்று பையில் இருந்தால் பாதி வேலை நடக்கும். ஸ்டார் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிய காலத்தை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

மேஜை செய்வதற்கு முன் தரையில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் வடிய வேண்டும் என்று கராஜ் தரை கதவுப் பக்கம் சரிவாகத்தான் இருக்கும். என் எட்டடி மேஜைக்கு ஒரு முனை சுமார் ஒரு அங்குலம் இறங்கியிருந்தது. நான்கு காலையும் ஒரே அளவில் அறுத்து வைத்த பிறகுதான் பார்த்தேன், பென்சில் உருண்டு விழுந்தபோது.

தம்பி கடைசியாகக் கேட்டது, ஊரிலிருந்து மெஷின்களைக் கொண்டு வரலாமா என்று. மோட்டார் உள்ள எதையும் வேண்டாம். ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், இங்கே 60. நம் கோவை மோட்டார் 1440 சுற்று ஓடுவது இங்கே ஏறத்தாழ 1730இல் ஓடும், போதாததற்கு இங்கே செல்லும் பாதுகாப்பு முத்திரையும் அதில் இருக்காது. உளி, இழைப்புளி, மூலைமட்டம், அரம் எல்லாம் தாராளமாகக் கொண்டு வாருங்கள், செக்-இன் பெட்டியில்தான், கைப்பையில் போட்டுவிடாதீர்கள். அப்பாவின் இழைப்புளி என்னிடம் இருக்கிறது. ஏப்ரலில் வெளிக்காற்று திடீரென்று ஈரமும் வெதுவெதுப்புமாக வரும்போது குளிர்ந்து கிடக்கும் இரும்பெல்லாம் வேர்க்கும். முதல் வருஷம் தெரியாமல் விட்டு, ஒரே வாரத்தில் துரு ஏறிவிட்டது. இப்போது மார்ச் கடைசியிலேயே எண்ணெய்த் துணியால் துடைத்து வீட்டுக்குள் கொண்டுபோய்விடுகிறேன்.